சரத்து எண்ணும் கம்பத்து எண்ணும்

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் படிப்பை அளக்க ஒரே அளவுகோல்தான். படித்து முடித்தால் எந்த கேட்டுக்குள் போகலாம்? ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்றால் அனல்மின் நிலைய கேட். கெமிக்கல் டிப்ளமோ என்றால் ஸ்பிக் உர ஆலை கேட். பி.காம். படித்தவன் டவுனில் ஏதாவது ஷிப்பிங் ஏஜென்சியில் ஒட்டிக்கொண்டு, கழுத்தில் பாஸ் தொங்க ஹார்பர் கேட்டுக்குள் போய் வருவான். ஒன்றும் படிக்காதவனுக்கு உப்பளம். அதற்கு கேட்டே கிடையாது. திருச்செந்தூர் ரோட்டிலிருந்து இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு பாத்தி வரப்பில்தான் நிற்போம். நான் பி.ஏ. அரசியல் அறிவியல் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது தெருவே கொஞ்சம் திகைத்தது. இவன் எந்த கேட்?

அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. எத்தனை பாத்தி, எத்தனை ஆள், எத்தனை டன் என்று மூன்று நோட்டில் உலகத்தை அடக்கியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அரசியலுக்கும் படிக்கணுமால? காமராசர் ஆறாங்கிளாஸோட நிறுத்துனவரு. ரெண்டு பிரதம மந்திரிய உக்கார வச்சாரு.”

நானும் விடவில்லை. அண்ணாவை இழுத்தேன். பச்சையப்பன் கல்லூரி, பொருளாதாரமும் அரசியலும், எம்.ஏ.

“அவரு பேசத் தெரிஞ்சவருல்லா. நீ கடைக்குச் சீனி வாங்கப் போனாலே ரெண்டு தடவ போயிட்டு வார.”

விவாதத்தில் நான் கண்ட முதல் தோல்வி அது. அரசியல் அறிவியல் துறையில் சேருவதற்கு முன்பே தோற்றதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சென்னையில் ஒரு கல்லூரி. முதல் வகுப்பில் பேராசிரியர் கே.ஆர். நாராயணனைப் பற்றிச் சொன்னார். லண்டனில் ஹெரால்ட் லாஸ்கியிடம் அரசியல் படித்தவர், லாஸ்கி நேருவுக்கு எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு ஊர் திரும்பி வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், 1997இல் குடியரசுத் தலைவர். நான் நோட்டில் லாஸ்கி, நேரு, ராஷ்டிரபதி பவன் என்று அம்புக்குறி போட்டு எழுதி, எல்லாவற்றுக்கும் முன்னால் என் பெயரையும் எழுதிக்கொண்டேன். லாஸ்கி 1950இலேயே இறந்துவிட்டார் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், ரூசோ என்று மூன்று வருடம் ஓடியது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், எழுதினேன், மறந்தேன். எம்.ஏ.வில் ஆய்வேடு எழுதச் சொன்னபோதுதான் என் குணம் முழுதாக வெளிப்பட்டது. நான் எடுத்த தலைப்பு: சுவிட்சர்லாந்தின் நேரடி மக்களாட்சி. கொள்கைப் பிடிப்பு எதுவும் காரணமில்லை. நூலகத்தில் அதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதை எனக்கு முன் எவரும் எடுத்ததற்கான முத்திரை சீட்டில் இல்லை. சரிபார்க்க யாரும் சுவிட்சர்லாந்து வரை போக மாட்டார்கள் என்ற தைரியமும் இருந்தது.

26 கான்டன்களில் கிளாருஸ், அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற இரண்டில் மட்டும் இன்றும் மக்கள் சதுக்கத்தில் திரண்டு, கையை உயர்த்தியே சட்டம் போடுகிறார்கள். கிளாருஸில் மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. 2007இல் அப்படிக் கூடித்தான் வாக்குரிமை வயதைப் பதினாறாகக் குறைத்தார்கள். இதையெல்லாம் நான் உருகி உருகி எழுதினேன். எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும். அங்கேயும் மக்கள் கூடித்தான் தீர்மானம் போடுகிறார்கள். தலைக்கு மேல் வேப்பமரம், பக்கத்தில் மைக் செட். ஒன்றையாவது எட்டிப் பார்த்தேனா? ஆய்வேடு எழுதிய வருடத்து மே 1 அன்று நான் ஊரில்தான் இருந்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்து கிளாருஸ் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எழுத வேறு விஷயமா இல்லை? பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் தூத்துக்குடி டவுன். 1906இல் ஒரு வக்கீல் அங்கே பங்கு சேர்த்துக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பலை வாங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் அவர் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார், 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. அரசு, மூலதனம், தொழிலாளர், தேசியம், ஒடுக்குமுறை என்று பாடத்திட்டத்தின் ஐந்து அலகும் இரண்டே வாரத்தில் வரிசையாக நடந்த ஊர் அது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கடல் தாண்டி வந்து, எங்கள் பக்கத்து நாடார்களின் அரசியல் எழுச்சியைப் பற்றி 1969இல் ஒரு முழுப் புத்தகமே போட்டுவிட்டுப் போனார். அவர் இங்கே வந்தார்; நான் மனத்தால் கிளாருஸ் போனேன். உலகம் ஏதோ ஒரு வகையில் சமன்பட்டுக்கொண்டது.

கௌடில்யர் விவகாரம் இதைவிட மோசம். அர்த்தசாஸ்திரத்தின் சப்தாங்கக் கோட்பாடு எனக்குத் தலைகீழ்ப் பாடம். சுவாமி, அமாத்தியர், ஜனபதம், துர்க்கம், கோசம், தண்டம், மித்திரம். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்தப் புத்தகத்தில் கருவூலத்துக்கு வரவேண்டிய பொருள்களைச் சொல்லும் இடத்தில், முத்து கிடைக்கும் இடங்களின் பட்டியல் இருக்கிறது. தாம்ரபர்ணி, பாண்டியகவாடம் இரண்டும் அதில் முதலிலேயே வருகின்றன. தாம்ரபர்ணி என்றது இலங்கையைத்தான் என்பாரும் உண்டு. எங்கள் ஆறு என்பாரும் உண்டு. எதுவானாலும் எங்கள் மன்னார் வளைகுடாவின் முத்து. மௌரிய சாம்ராஜ்யத்தின் கஜானாவைப் பற்றி எழுதியவருக்கு எங்கள் கடல் தெரிந்திருக்கிறது. அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவர் புத்தகத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. கேள்வித்தாளில் வராத பக்கத்தை நான் புரட்டியதில்லை.

முத்துக்குளிப்பே அரசியல்தான் என்பதும் தாமதமாகத்தான் உறைத்தது. பாண்டியர், நாயக்கர், சேதுபதி, போர்ச்சுகீசியர், 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரும் கடலடியில் கிடக்கும் சிப்பியில் யாருக்கு எத்தனை பங்கு என்றுதான் சண்டை போட்டார்கள். பரதவர்களின் சாதித் தலைவருக்கு வரியில்லாத் தோணி என்று தனிச் சலுகையே இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சடக்கி முங்கியவருக்கு ஒரு பங்கு. இறையாண்மை என்றால் என்ன என்று ஹாப்ஸை வைத்து மூன்று மாதம் விளக்கியதை எங்கள் ஊர் ஆச்சி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். “கடலு கடவுளுது, முத்து கவர்மெண்டுது.” 1961இல் கடைசியாக முத்துக்குளித்தபோது பார்த்த ஆள் அவர்.

அந்த ஆச்சியிடம்தான் என் படிப்பு முதன்முதலாக வசமாக மாட்டியது.

எம்.ஏ. முடித்து ஊருக்கு வந்திருந்தேன். ஆச்சிக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோயிருந்தது. “நம்ம கணக்கப்பிள்ள மவன் அரசியல் படிச்சிருக்கான்லா, அவன்ட்ட ஒரு மனு எழுதி வாங்குங்க” என்று யாரோ சொல்லி அனுப்ப, வெற்றிலைப் பெட்டியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்று ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லி மாளாது. ஐந்து வருடம் படித்ததற்கு ஒரு குடிமகள் முன்வந்து வேலை கொடுக்கிறார்.

இரவெல்லாம் எழுதினேன். நான்கு பக்கம். சரத்து 41 முதுமையில் அரசு உதவி பெறும் உரிமையைப் பற்றிச் சொல்கிறது என்று தொடங்கினேன். அது வழிகாட்டு நெறிதானே, நீதிமன்றத்தில் செல்லாதே என்று யாராவது கேட்டால்? அதற்காகச் சரத்து 21ஐக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தேன். வாழும் உரிமை என்பது மானத்தோடு வாழும் உரிமை. நடுவில் நலஅரசு பிறந்த கதை. 1942இல் பிரிட்டனில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை. கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கௌடில்யர்: முதியோரையும் ஆதரவற்றோரையும் காப்பது அரசன் கடமை. காலையில் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. “இம்புட்டு இருக்கா மக்கா என் பென்சன்ல?”

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். கோரம்பள்ளத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு வெளியே மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதும் அண்ணாச்சிகள் வரிசையாக இருப்பார்கள். உள்ளே போகும் முன் ஆச்சியின் கையில் இருந்த தாள்களைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டார். அவருக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை, நானே நீட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு, நாலு பக்கத்தையும் நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார்.

“தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கிய. இதுல ‘மனுதாரர்’னு பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. ஆச்சி பேரு எங்க?”

வாங்கிப் பார்த்தேன். இல்லை. பெவரிட்ஜ் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஆச்சியின் பெயர் இல்லை, கதவு எண் இல்லை, உதவித்தொகை ஆணை எண் இல்லை, எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது என்ற தகவலும் இல்லை. அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆச்சியிடம் நாலு கேள்வி கேட்டார். அரைப் பக்கம். ‘ஐயா, எனக்கு வந்துகொண்டிருந்த பணம் இந்த மாதம் முதல் வரவில்லை, விசாரித்து வழங்க வேண்டுகிறேன்.’ கீழே கைநாட்டு. பாஸ்புக் ஜெராக்ஸும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் பின்னால் குத்தியாயிற்று. இது தனி வட்டாட்சியர் பார்ப்பது, சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே ஒருவர் இருக்கிறார், ஒரு நகலை அங்கேயும் கொடுத்துவிடுங்கள் என்றார். இப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அமெரிக்க செனட்டில் நிலைக்குழுக்கள் எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆச்சிக்குப் பணம் வந்தது. ஊர் முழுக்க, “நம்ம தம்பி எழுதின மனுதான்” என்று சொல்லி வைத்தார். நான் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள குற்றங்களிலேயே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த மௌனம்தான்.

கொஞ்ச நாள் தேர்தல் கருத்துக்கணிப்பு எடுக்கப் போனேன். அரசியல் படித்தவனுக்கென்றே பிறந்த வேலை என்று நினைத்தேன். வகுப்பில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த கதை ஒன்று உண்டு: 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலைப் பார்த்துக் கேட்டதால் வந்த வினை. நான் என்ன செய்தேன்? காலையில் சாவகாசமாகப் பதினோரு மணிக்கு வீடு வீடாகப் போனேன். உப்பளத்துக்குப் போகும் பெண்கள் விடியுமுன்னே போய்விடுவார்கள். பூட்டிய வீடுகளைத் தட்டிச் சலித்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் படிவத்தை நிரப்பினேன். டீக்கடை பெஞ்சு தமிழ்நாட்டின் அடுத்த முதலமைச்சரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. பெஞ்சு தோற்றது. ஒரே ஒரு பாட்டி மட்டும் வீட்டில் அகப்பட்டு, ரகசிய வாக்கெடுப்பின் தத்துவத்தை எனக்கு விளக்கினார்: “நீ யாருக்குன்னு வேணுமோ எழுதிக்க ஐயா. நான் போட வேண்டியத நான் போட்டுக்கிடுதேன்.”

பிறகு யு.பி.எஸ்.சி. இந்தப் பாடம் படித்த எல்லோரும் ஒருமுறையாவது போய் முட்டும் சுவர் அது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் இடம், பத்து லட்சத்துக்கு அக்கம்பக்கமாக விண்ணப்பம். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும். இரண்டு தாள், 500 மதிப்பெண். என் எம்.ஏ. அங்கே கைகொடுக்கும் என்று நம்பினேன். ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு வந்தவன் என் பாடத்தை எட்டு மாதத்தில் படித்து என்னைவிட அதிகம் வாங்கிப் போனான். எனக்கு அவன் பாடத்தின் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வராது.

மாதிரி நேர்முகம் ஒன்றுக்குக் கோட்டு வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். விண்ணப்பத்தில் சொந்த ஊர் தூத்துக்குடி என்று பார்த்தால் யாராயிருந்தாலும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்கள். 2018 மே 22. தாமிர ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேருக்குமேல் செத்துப்போன நாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் சமநிலை வேண்டும், சட்டம் ஒழுங்குக்கும் கருத்துரிமைக்கும் சமநிலை வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மிகப் பக்குவமான பதில் என்று பாராட்டினார்கள். அதுவரை நான் கொடுத்த பதில்களிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். ராத்திரி அப்பா போனில் என்ன கேட்டார்கள் என்று கேட்டார். பொருளாதாரத்தில் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இப்போது டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் டி.என்.பி.எஸ்.சி. மாணவர்களுக்கு இந்திய அரசியலமைப்பு நடத்துகிறேன். தேர்வில் தோற்றவர்கள் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது நம் நாட்டில் ஒரு தனித் தொழில்துறை. அதில் நான் ஒரு சிறு முதலாளிகூட இல்லை, மணிக்கணக்குக் கூலி. கையில் லட்சுமிகாந்த் புத்தகம், போர்டில் சரத்து எண்கள். 14, 19, 21, 32, 356. நான் நடத்தியவர்கள் தேறுகிறார்கள், அதுதான் வேதனை. குரூப் 4இல் தேறி கிராம நிர்வாக அலுவலரான ஒருவனிடம் ஒரு சான்றிதழுக்காகப் போய் நின்றேன். எழுந்து நின்று நாற்காலி போட்டான், டீ சொன்னான், விண்ணப்பத்தைப் புரட்டினான். “சார், ரெண்டாவது பக்கத்துல கையெழுத்த விட்டுட்டிய.”

ஒருநாள் காவிரி நடத்திக்கொண்டிருந்தேன். 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. இரண்டு மாநிலத்தின் தண்ணீர்ச் சண்டையை நான் இவ்வளவு தெளிவாக விளக்கியதே இல்லை. கடைசி பெஞ்சில் ஏரல் பக்கத்து விவசாயி மகள் கையைத் தூக்கினாள்.

“சார், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல இருந்து ஃபேக்டரிகளுக்குப் போற இருபது எம்.ஜி.டி. தண்ணி எந்தச் சட்டத்துல சார் வருது?”

இருபது எம்.ஜி.டி. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கோடி கேலன். ஏறக்குறைய ஒன்பது கோடி லிட்டர். எழுபதுகளில் வந்த திட்டம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டிலிருந்து எடுத்துத் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோவது. கடைமடை விவசாயிகள் பல வருடமாகப் போராடி, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தத் தண்ணீரைக் குடித்த தொழிற்சாலைகளின் சங்கொலியில்தான் நான் காலையில் கண் விழித்து வளர்ந்தேன். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. “அது சிலபஸ்ல இல்லம்மா” என்றேன். உண்மையும் அதுதான். அவள் நோட்டை மூடி வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளாருஸுக்கு வருவோம். 2008இல் தூத்துக்குடி மாநகராட்சியானது. 2011க்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இழுத்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. எங்களுக்கு 60 வார்டு. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, நகரங்களிலும் பகுதி சபை கூட்டினார்கள். கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, வார்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் அது. செய்தியைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. நான் ஆய்வேட்டில் கனவு கண்டது, பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். குறிப்பும் தயார்.

சாக்கடை, நாய், குடிநீர் வரும் நாள், குப்பை வண்டி வரும் நேரம் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். என் முறை வந்தது. எங்கள் தெருமுனை விளக்கு பல நாளாக எரியவில்லை. அதைத்தான் சொல்லப் போனேன். ஆனால் மைக்கைப் பிடித்ததும் வாயில் வந்தது வேறு. ரூசோவின் பொது விருப்பம், எழுபத்து நான்காம் திருத்தம், பிறகு சுவிட்சர்லாந்தில் கிளாருஸ் என்றொரு கான்டன். விளக்கைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்தேன். முன்வரிசைப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், “வெளிநாட்டுல வேல பாத்த பையனோ?” என்றார். மைக்கை இறக்கப் போகும்போது ஊழியர் பேனாவை எடுத்தார். “விளக்கு எரியலன்னு சொன்னியளே சார், கம்பத்து நம்பர் என்ன?”

கம்பத்தில் நம்பர் எழுதியிருப்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினமும் அதன் அடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். பின்னால் இருந்து மகளிர் குழு அக்கா எழுந்து, எங்கள் தெரு, அடுத்த தெரு, சுடுகாட்டுப் பாதை என்று எரியாத விளக்கு ஒவ்வொன்றின் நம்பரையும் சின்ன டைரியைப் பார்த்துப் படித்தார். ஊழியர் எழுதிக்கொண்டே வந்தார். நான் உட்கார்ந்தேன்.

அதே அக்காவிடம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் மாட்டினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓடையும் குளமும் ரோடும் ஒன்றாகி, எங்கள் தெருக்களில் மார்பளவு தண்ணீர். யாரோ புண்ணியவான்கள் ஒரு லாரி நிறைய பிரெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து மேட்டில் நிறுத்தினார்கள். யாருக்கு முதலில் கொடுப்பது? நான் முன்னால் வந்தேன். இந்தக் கேள்விக்காகத்தான் ஜான் ரால்ஸ் 1971இல் அத்தனை பெரிய புத்தகம் எழுதினார். மிகவும் பின்தங்கியவருக்கு மிகுந்த பயன் போகும்படி பங்கிட வேண்டும். நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். கைக்குழந்தை உள்ள வீடு, தனியாக இருக்கும் முதியோர், மாத்திரை சாப்பிடுபவர்கள், மொட்டை மாடி இல்லாதவர்கள். ஒரு வீடு இரண்டு கட்டத்தில் வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏ தம்பி, லிஸ்ட அப்புறம் எழுது. இந்தப் பெட்டிய மொதல்ல தலையில தூக்கு.”

தூக்கினேன். அக்கா முன்னால் தண்ணீரில் நடந்தபடி, இங்கே ரெண்டு, அங்கே அஞ்சு, அந்த வீட்டில் சுகர்காரர் இருக்கிறார் அவருக்குப் பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார். லாரி காலியானது. ரால்ஸ் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது என்று பிறகு சரிபார்த்துத் தெரிந்துகொண்டேன். நோட்டு சட்டைப் பையில் கூழாகிக் கிடந்தது.

போன மே மாதம் என் உடன்பிறந்த அக்காவின் மகள் வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அரசியல் அறிவியல் எடுக்கலாமா என்று மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று அவள் அம்மா அனுப்பியிருக்கிறாள். என்னிடம் ஒருவர் ஆலோசனை கேட்டு எத்தனை காலமாயிற்று! உட்காரவைத்துப் பிளேட்டோவிலிருந்து தொடங்கினேன். பிறகு என் வகுப்பு நண்பர்களின் கதை. ஒருவன் அப்புறம் மூன்று வருடச் சட்டம் படித்து மதுரைக் கிளையில் வக்கீல். ஒருத்தி எம்.பி.க்களுக்கு ஆய்வு உதவி செய்யும் லாம்ப் ஃபெலோஷிப்பில் டெல்லி போனவள், அங்கேயே கொள்கை ஆய்வில் தங்கிவிட்டாள். ஒருவன் செய்தித் தொலைக்காட்சியில் ராத்திரி ஷிஃப்ட். ஒருவன் நெட் தேறிக் கல்லூரி ஆசிரியர், இன்னும் கௌரவ விரிவுரையாளராகவே. ஒருவன் தலைமைச் செயலகத்தில். ஒருவன் தேர்தல் உத்தி வகுக்கும் நிறுவனத்தில். எந்தக் கட்சிக்கு என்று கேட்டால், எந்த வருடம் என்று திருப்பிக் கேட்பான். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் வந்தது, அதற்கு வயது வரம்பு உண்டு, எனக்கு அது கைதவறிப்போன வருத்தத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். டெல்லி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் எழுத வேண்டும் என்றேன்.

“கியூட் எழுதியாச்சு மாமா. கவர்மெண்ட் காலேஜுக்கும் ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டாச்சு. அம்பது ரூவா கட்டி ரசீது கூட வந்துட்டு.”

“அப்ப என்ட்ட என்னத்தக் கேக்க வந்த?”

அவள் ஒரு நோட்டை எடுத்தாள். உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஏதோ எழுதப் போகிறாளாம், யாரும் சொல்லவில்லை, அவளாகவே. மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறதே, அது தெருவில் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டு வந்திருக்கிறாள். கேட்டது பதினோரு மணிக்கு இல்லை. விடியற்காலை லோடு ஆட்டோவில் அவர்களோடு ஏறிப் போய். பக்கம் பக்கமாகப் பெயர், கதவு எண், வந்ததா வரவில்லையா.

“இந்தப் பட்டியல் எந்த ஆபீஸ்ல மாமா இருக்கும்?”

எனக்குத் தெரிந்த விஷயம்! நிமிர்ந்து உட்கார்ந்தேன். “உப்பு ஒன்றிய அரசோட அதிகாரத்துல வரும். ஏழாவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், ஐம்பத்தெட்டாவது இனம். ஆனா தொழிலாளர் நலன் பொதுப் பட்டியல்ல இருக்கு. இதுல என்ன ஒரு சுவாரசியம்னா…”

“அது சரி மாமா. ஆபீஸ் எங்க இருக்கு?”

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது. நல வாரிய அட்டை இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பணம் வந்திருக்கும், இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்து எழுது, தொழிலாளர் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், அவர்கள் மத்தியானத்துக்குமேல் இருக்க மாட்டார்கள், இப்போதே கிளம்பு என்றார். சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். பேத்தி நோட்டைப் பையில் வைத்தாள்.

“மாமா, நீங்களும் வாங்க. தாத்தா அவங்க வண்டியில வந்துருவாங்க. என்னைய நீங்க கூட்டிட்டுப் போங்க. ஹெல்மெட் ரெண்டு எடுத்துக்கிடுங்க.”